வெங்காயம் உரிக்கும் இடத்துப் பாராளுமன்றம்

மகளே தர்ஷினி,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். தக்காளிக்குத்தான் இந்த வாரம் சுகமில்லை. தம்புள்ளையிலிருந்து ஏற்றி வந்த பெட்டிகளில் பாதி, மாத்தளை வந்து சேருவதற்குள் லொறியிலேயே நசுங்கிச் சம்பலாகிவிட்டது. நேற்று நீ போனில் கோல் எடுத்தபோது அந்தத் தக்காளியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தராசில், கடைக்கு வந்த ஒரு சிங்கள நோனாவின் கரட் கிடந்தது, அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நான், "ஆய்வுக் கட்டுரைய எப்பம்மா குடுக்கப் போற?" என்று கேட்டேன். நீ, "பாப்போம்ப்பா. தலைப்ப மாத்திடலாமான்னு யோசிக்கிறேன். லைப்ரரில உக்காந்தே எழுதுற மாதிரி ஒன்னு இருக்கு" என்றாய். நான் "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நோனா கரட்டோடு போய்விட்டார். எனக்கு அதற்குப் பிறகு யாவாரத்தில் மனம் ஒட்டவில்லை.

முதலில் வொய்ஸ் மெசேஜ் அனுப்பத்தான் நினைத்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்ததும் என் குரல் தானாகக் கூட்டத்துக் குரலாகிவிடுகிறது. "என் மதிப்புக்குரிய மகளே" என்று ஆரம்பித்தேன். குசினியில் இருந்த உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதனால்தான் பேப்பரும் பேனையும். நாளைக்குக் காலை ரயிலில் நம் தெருச் சரோஜா அக்கா கண்டிக்குப் போகிறாள். அம்மா இடித்த கட்டசம்பல் போத்தலோடு இதையும் கொடுத்து விடுகிறேன். சம்பலை ரூம் பிள்ளைகளோடு பங்கு போடு. கடிதத்தை நீ மட்டும் படி.

நீ கம்பஸில் அரசறிவியல் படிக்கப் போகிறாய் என்றதும் நம் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அரசியலுக்கு எதுக்குப் படிப்பு? அதத்தான் தினம் டீவில காட்டுறாங்களே" என்றார் உன் பெரியப்பா. எம்.பி. ஆகப் போகிறாயா என்று கேட்காத ஆள் இல்லை. நான் மட்டும் சட்டைக் கொலரை இழுத்து விட்டுக்கொண்டு திரிந்தேன். காரணம் உனக்குத் தெரியும். நம் தெரு மரண உதவிச் சங்கத்துக்கு வருடா வருடம் போட்டியில்லாமல் தெரிவாகிற தலைவர் நான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம் அடிப்பது, கதிரை போடுவது, கிடாரமும் அடுப்பும் கொண்டு வந்து சமைப்பது, கருமாதி முடியும்வரை கூட நிற்பது எல்லாம் நம் சங்கத்தின் பொறுப்பு. அப்படிப்பட்ட சங்கத்தின் தலைவருடைய மகளுக்கு அரசியல் வராமல் யாருக்கு வரும் என்று நினைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்குத் தானே பொன் என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு வருடாந்தக் கூட்டத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வழக்கம்போல ஒருவர் என் பெயரைச் சொன்னார், இன்னொருவர் ஆமோதித்தார். செயலாளர் சபையைப் பார்த்து, "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். அது கேட்பதற்காகக் கேட்கிற கேள்வி. கோயிலில் ஐயர் "எல்லாரும் வந்தாச்சா" என்று கேட்கிற மாதிரி. நீ என் மடியிலிருந்து கையைத் தூக்கி, "நான் இருக்கேன்!" என்றாய். கோயில் மண்டபமே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு ஒரு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

ஆய்வு செய்ய வேண்டும் என்றதும் நீ முதலில் எடுத்த தலைப்பு இந்து சமுத்திரத்தில் வல்லரசுகளின் போட்டி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சந்தையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். உன் ஆய்வை மேற்பார்க்கிற மேடம்தான் அதைக் கேட்டுவிட்டு, "போர்க்கப்பல்ல ஏறிக் கேள்வி கேக்க உங்கள விடுவாங்களா? நடந்து போயிக் கேக்கக்கூடிய கேள்வி ஒன்னக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினாராம். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அந்த வாரம்தான் மேல் வீட்டுத் தாத்தா தவறிப்போனார். கூடாரம் வந்தது, கதிரை வந்தது, கிடாரம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய்: "ஏன்ப்பா, நம்ம சங்கத்துல ஒரு நாளும் வாக்கெடுப்பே நடக்கலயே, ஏன்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒத்துமைம்மா" என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப எங்க வெச்சு ஒத்துமையாகுறீங்க?" என்று கேட்டாய். நடந்து போய்க் கேட்கக்கூடிய கேள்வி அது. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை.

அடுத்து நான் செய்த வேலையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீ வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்கப் போகிறாய் என்றதும் ஒரு தகப்பனாக என்ன செய்வது? கல்யாணத்துக்கு ஆள் சொல்லுகிற மாதிரி, உனக்கு முதல் நாளே நான் எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன். "மக வருவா, கேள்வி கேப்பா. படிப்பு விசயம். நல்லபடியா சொல்லுங்க" என்றேன். அவர்களும் நல்லபடியாகவே சொன்னார்கள். நீ போன வீட்டிலெல்லாம் அலுமாரியிலிருந்து நல்ல கோப்பை இறங்கியது. கிரீம் கிராக்கர் பிஸ்கட் தட்டில் வந்தது. எல்லாரும் கோயிலுக்குப் போகிற உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பதில்: "தலைவர் தங்கமானவர். நாங்க எல்லாத்தையும் ஒத்துமையா செய்றோம்." நம் குணதாச ஐயா இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நம்மோடு சிங்களத்தில்தான் பேசுவார். அவரும் அந்த வசனத்தை மட்டும் தமிழில் பாடமாக்கி வைத்திருந்து, "தலைவர் தங்கமான" என்று சொல்லி நிறுத்தி, மீதியை மறந்துபோய், மனைவியைக் கூப்பிட்டார். நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனில் பதிந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாய். ஒரு பள்ளிக்கூடமே வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி இருந்தது. நான் சந்தோஷத்தில், "பாத்தியா, எல்லாரும் எவ்வளவு தெளிவா சொல்லிருக்காங்க" என்றேன். நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தாய். பிறகு பார்த்தால் உன் கண்ணில் தண்ணீர். "எல்லாம் வீணாப் போச்சுப்பா" என்றாய்.

ஏன் வீண் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் மேடம் சொன்னதாக நீ சொன்ன பிறகுதான் கொஞ்சம் உறைத்தது. "அடுத்த தடவை போகும்போது அப்பாவ வீட்டுல விட்டுட்டுப் போங்க" என்றாராம். நான்தான் உன்னோடு வரவே இல்லையே என்று சண்டை பிடித்தேன். நீ பொறுமையாக, "நீங்க வரலப்பா, தலைவர் எனக்கு முன்னாலயே போயிட்டு வந்துட்டார்" என்றாய். மகளே, தம்புள்ளை மொத்தச் சந்தையில் காய்கறி வாங்குகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அங்கே கத்துகிற சத்தத்தைக் கேட்டு விலை அப்போதுதான் முடிவாகிறது என்று புதிதாக வருகிறவர்கள் நம்புவார்கள். விலை அதற்கு முன்பே, தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதே முடிந்திருக்கும். தக்காளியில் தெரிந்த விசயம் சொந்தத் தெருவில் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நீ ஆய்வுக்கு எங்கே போனாய் என்றே எனக்குத் தெரியாது. லீவுக்கு வரும்போதெல்லாம், எந்த வீட்டில் கருமாதி என்றாலும் கத்தியை எடுத்துக்கொண்டு பொம்பளைகளோடு காய்கறி வெட்ட உட்கார்ந்துவிட்டாய். ஆய்வை விட்டுவிட்டாய், நல்ல பிள்ளையாகச் சமையல் பழகுகிறாய் என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீ படிக்கிறாய் என்று எல்லாருக்கும் சொல்லி, கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாயாம். முதல் நாள் யாரும் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாவது கருமாதியில் உன் விரல் வெட்டுப்பட்டபோது சரோஜா அக்கா, "இவள நம்பி ஒரு பூசணிக்காயக் குடுக்க ஏலாது" என்று ஏசினாளாம். அன்றிலிருந்து உன்னை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்களாம். இதெல்லாம் உன் கட்டுரையின் முதல் அத்தியாயத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். அந்த இடம்வரை நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது உங்கள் விதியாம். நல்ல விதி. நான் கட்டியிருந்த சாரத்தை மாற்றி, சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ அந்தக் கூடார விசயத்துக்கு வந்தாய். ஓடைப் பக்கம் புதிதாகக் குடியேறிய தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் சங்கத்தில் சேரவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு சாவு. கூடாரம் கொடுப்பதா இல்லையா என்று கேள்வி. கூட்டத்தைக் கூட்டி, மனிதாபிமானத்தைப் பற்றி நான் பேசிய பேச்சை இன்றைக்கும் வரிக்கு வரி சொல்லுவேன். எல்லாரும் கை தட்டினார்கள். கல் நெஞ்சையும் கரைத்துவிட்டோம் என்று அன்று முழுவதும் மிதந்துகொண்டிருந்தேன். நீ வாசித்தாய்: கூட்டத்துக்கு முன்பே, வேறொரு வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, ஒருத்தி தலையைத் தூக்காமல் "மழை வந்தா பொணத்த எங்க வெப்பாங்க?" என்று கேட்டாளாம். கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு இன்னொருத்தி, "கதிரையையும் சேத்தே குடுத்துருவோம்" என்றாளாம். அவ்வளவுதான். முடிந்தது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அடுத்து நான் போய் அவ்வளவு நேரம் பேசினேன்.

அதோடு விட்டாயா? என் தோரணத்தையும் இழுத்துவிட்டாய். தெரு முனையில் சங்கத்தின் பெயரோடு சிமெந்தில் ஒரு வளைவு கட்ட வேண்டும், கீழே சின்னதாகத் தலைவர் பெயர் இருந்தால் போதும் என்று நான் எத்தனை வருடமாகச் சொல்லுகிறேன். ஒவ்வொரு முறையும் எல்லாரும் முகம் மலர, "அருமையான யோசனை தலைவர், அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்பார்கள். நேரமில்லாமல்தான் தள்ளிப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம் தெருவில் யாரும் யார் முகத்துக்கும் நேரே முடியாது என்று சொல்லுவதில்லை, "பாப்போம்" என்றுதான் மறுப்பார்கள், அப்படி மறுத்த எதுவும் திரும்பக் கூட்டத்துக்கு வந்ததில்லை என்று நீ எழுதியிருந்தாய். அதற்கும் தலையை ஆட்டினேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக. அடுத்த பக்கத்தில்தான் அந்த வசனம் வந்தது. இவரையே ஏன் ஒவ்வொரு வருடமும் தலைவராக்குகிறீர்கள் என்று நீ கேட்டதற்கு ஒரு உறுப்பினர் சொன்னதாம்: "அவருக்குப் பேசப் பிடிக்கும், பேசட்டும். வேலைய நாங்க பாத்துக்குவோம்."

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அந்தக் குரலோடுதானே நான் குடும்பம் நடத்துகிறேன். திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா கீரையை விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி நம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பி, நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். நாய்க்கு ஏற்கெனவே வைத்தாயிற்று என்பது உனக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்.

அடுத்த நாள் விடிய நீ ரயிலுக்குப் போனபோது நான் அதிகம் பேசவில்லை. அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டு தலைப்பை மாற்றப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். மறைக்காமல் சொல்லுகிறேன் மகளே, வலித்தது. நன்றாகவே வலித்தது. கடையில் யாராவது "தலைவர்" என்று கூப்பிட்டால் கேலி செய்கிறானோ என்று பார்த்தேன். அம்மா சோறு போட்டால், இதையும் எங்கேயாவது முடிவு பண்ணிவிட்டுத்தான் போடுகிறாளோ என்று தோன்றியது. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டில் கேட்டே விட்டேன். "அப்ப நான் செய்றது ஒரு வேலையே இல்லையா?" அவள் திகைத்துப் போனாள். "பேசுறது வேலை இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்? சாவு வீட்டு வாசல்ல எல்லாரும்தான் வந்து நிப்பாங்க. யாராவது உள்ள போயி மொத வார்த்தையப் பேசணும்ல? எனக்கு நாக்கு எழாதுங்க. சரோஜாவுக்கும் எழாது. நீங்கதான் செருப்பக் கழட்டிட்டு நேரா உள்ள போவீங்க. நீங்க போனதுக்குப் பொறகுதான் எங்களுக்குக் கை கால் ஓடும்" என்றாள். நான் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கினேன். சந்தோஷத்தில்தான். இதைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. சேர்க்கவே கூடாது. தகப்பன் சொல்லி எழுதினால் அது மறுபடியும் கிரீம் கிராக்கர் பேட்டிதான். நீயாகக் கண்டுபிடித்தால் எழுது, இல்லாவிட்டால் விடு. (அம்மாவிடம் கேட்டால் சொல்லுவாள்.)

போன சனிக்கிழமை நானும் ஒரு ஆய்வு செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வருடாந்தக் கூட்டம், வழக்கம்போலச் சோறு, அதற்கு முதல் நாள் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் காய்கறி வெட்டு. மெதுவாகப் போய் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் கலகலத்துக்கொண்டிருந்த இடம் கப்சிப். பிறகு சரோஜா அக்கா மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். நான் பூசணிக்காயை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாக எழும்பி, பாத்திரம் கழுவ வேண்டும் என்று பைப்படிக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பைப்படியிலிருந்து பழைய கலகலப்பு கேட்டது. பாராளுமன்றம் இடம் மாறிவிட்டது, நானும் பூசணிக்காயும் மிச்சம். அப்போதுதான் மகளே, நீ செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கியது. எத்தனை கருமாதி, எவ்வளவு வெங்காயம், எவ்வளவு பொறுமை. யாரும் சொல்லிக் கொடுத்ததை நீ எழுதவில்லை. உட்கார்ந்து, வெட்டுப்பட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்டு எழுதினாய். தகப்பன் என்ற பெருமை இல்லாமல், ஒரு தலைவர் என்ற முறையில் சொல்லுகிறேன், இந்தத் தெருவைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என் பெயரைச் சொன்னார்கள், ஆமோதித்தார்கள். "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று செயலாளர் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கை தட்டத் தயாரானார். நான் எழும்பினேன். மைக்கை எடுக்கவில்லை. "நான் ஒரு பேரச் சொல்றேன்" என்று சொல்லி உன் அம்மாவின் பெயரைச் சொன்னேன். இந்த முறை சீட்டில் எழுதி, பெட்டியில் போட்டு, எண்ணிப் பார்ப்போம் என்றும் சொன்னேன். ஆம்பளைகள் எல்லாம் மெதுவாகப் பொம்பளைகள் பக்கம் திரும்பினார்கள். நீ எழுதியிருந்தபடியே, ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பினார்கள். முன்பெல்லாம் நான் இதைக் கவனித்ததே இல்லை, ஏனென்றால் பேசிக்கொண்டிருப்பேன். உன் அம்மா மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா அக்கா முந்தானையைச் சரி செய்தாள். குணதாச ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை ஒரு சொல்லும் மறக்காமல், முழுத் தமிழில் சொன்னார்: "நல்ல யோசனை தலைவர். அடுத்த கூட்டத்துல பாப்போம்." எல்லாரும் கை தட்டினார்கள். நான்தான் இந்த வருடமும் தலைவர், போட்டியில்லாமல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "எனக்கு எதுக்குங்க அந்தக் கதிரை? அதுல உக்காந்தா எனக்கு யாரு உண்மை சொல்லுவா?" என்றாள். இதையும் நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

இப்போது நேற்று நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். "பாப்போம்ப்பா" என்றாய். நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் படித்துக் காட்டியதே நீதான். அதனால்தான் நோனாவுக்கு ஒரு கரட் கூடப் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு அவமானம் என்று நினைத்து, வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் நீ தாழியை உடைக்கக் கூடாது. நான் மூக்குடைந்த தலைவராக உன் கட்டுரையில் இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் என் முகத்தைக் காப்பாற்ற என் மகள் தான் கண்டதைக் காணவில்லை என்று சொன்னாள் என்றால், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. லைப்ரரியில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். சரோஜா அக்காவிடம் பூசணிக்காய்க்கு ஏச்சு வாங்கியவள் நீ ஒருத்திதான்.

நீ வைத்துவிட்டுப் போன சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கீழே "தலைவர்" என்று எழுதப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மாவும் போட்டிருக்கிறாள். அவள் எனக்கு முன்பே போட்டுவிட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை, அதுவும் உன் ஆய்வுக்கு இன்னொரு ஆதாரம். நன்றியுரையில் என்னைப் பற்றி அதிகம் எழுதாதே, ஒரு வரி போதும், இரண்டு என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆய்வுக்கு உட்பட்டவன் என்ற முறையில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். மழை வந்தால் பிணத்தை எங்கே வைப்பார்கள் என்று கேட்டவளை நீ "தலைவரின் மனைவி" என்று குறித்திருக்கிறாய். அந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவளுக்கு வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வை. நான் வருகிற இடத்தில் மட்டும் "அவருடைய கணவர்" என்று போட்டுவிடு.

உன் அப்பா